காஞ்சனபுரி: ஆறும் காடும் ஒரு ரயில் பாதையும்



பள்ளி விடுமுறை வந்தால் தாய்லாந்துக்குப் போய் வருவது நம் மாதுங்கா, செம்பூர், தாராவிக் குடும்பங்களில் இப்போது சகஜமாகிவிட்டது. திருநெல்வேலிக்கு ரயிலில் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. பாங்காக்கிற்கு விமானத்தில் நாலு, நாலரை மணி நேரம்தான். போகிறவர்கள் பாங்காக்கில் துணிமணி வாங்கி, பட்டாயாவில் கடலில் குளித்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். பாங்காக்கிற்கு மேற்கே சுமார் 130 கி.மீ. தூரத்தில் இருக்கும் காஞ்சனபுரியை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் மகன் குடும்பத்தோடு அந்த ஊரில் நான்கு நாட்கள் தங்கினோம். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதனால் மற்றவர்கள் ஆற்றைப் பார்த்தபோது நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். அது சொன்ன பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெயரும் ஊரும்

காஞ்சனம் என்றால் பொன். காஞ்சனபுரி பொன்னூர். பெயரை மட்டும் கேட்டால் நம் காஞ்சிபுரத்துக்கு அடுத்த ஊர் என்று நினைக்கத் தோன்றும். தாய் மொழியில் வடமொழிச் சொற்கள் ஏராளம், உச்சரிப்புதான் வேறு.

சமவெளி முடிந்து பர்மா எல்லை மலைகள் தொடங்கும் இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. அயுத்தயா தலைநகராக இருந்த காலத்தில் பர்மியப் படைகள் மூன்று பகோடா கணவாய் வழியாக இந்தப் பக்கம் இறங்கி வரும். ஆகவே இது எல்லைக் காவல் ஊர். பழைய ஊர் சற்று வடக்கே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராமர் என்னும் அரசர் காலத்தில் ஆறுகள் கூடும் இடத்துக்கு ஊரை மாற்றி மதில் கட்டினார்கள்.

கூடும் ஆறுகள் இரண்டு. ஒன்று குவே யாய், மற்றது குவே நோய். குவே என்றால் கிளையாறு. யாய் என்றால் பெரியது. நோய் என்றால் சிறியது. தமிழ்க் காதுக்கு அந்த இரண்டாவது பெயர் கொஞ்சம் உறுத்தும். அந்தச் சிற்றாற்றின் கரையில் 1943-ல் நடந்ததைத் தெரிந்துகொண்டால் பெயர் பொருத்தமாகவே படும். இரண்டும் சேர்ந்து மே குளோங் என்ற பெயரில் கடலுக்குப் போகின்றன.

குவே நோய் ஓரத்தில் முவாங் சிங், அதாவது சிங்க நகரம் என்ற இடத்தில் கெமர் பாணியில் செம்பாறைக் கற்களால் கட்டிய கோயிலும் மதிலும் இருக்கின்றன. அங்கோர் வரை போக வசதியில்லாதவர்கள் இதைப் பார்த்துத் திருப்தி அடையலாம். அருகில் பான் காவ் என்ற ஊரில் புதிய கற்காலத்து மனிதர்களின் புதைகுழிகளும் மட்பாண்டங்களும் கிடைத்துள்ளன. இதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது. போரில் கைதாகி இங்கே ரயில் பாதை வேலை செய்த வான் ஹீகெரன் என்ற டச்சு ஆராய்ச்சியாளர், மண் வெட்டும்போது கல் ஆயுதங்களைக் கண்டு எடுத்து வைத்துக்கொண்டார். போருக்குப் பின் 1960 தொடங்கித் தாய்லாந்து, டென்மார்க் அறிஞர்கள் சேர்ந்து முறையாகத் தோண்டினார்கள். இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

பாலமும் படமும்

உலகம் முழுவதும் இந்த ஊரை அறிந்தது ஒரு சினிமாவால். பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-ல் எழுதிய நாவலை டேவிட் லீன் 1957-ல் படமாக எடுத்தார். நம் வயதுக்காரர்கள் அந்தச் சீழ்க்கைப் பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் படம் எடுத்தது இங்கே இல்லை, இலங்கையில் களனி ஆற்றங்கரையில் கித்துல்கல என்ற இடத்தில். படத்தில் வருவது மரப்பாலம். வேலை செய்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரக் கைதிகள். இங்கே 1943-ல் முதலில் ஒரு மரப்பாலமும் பக்கத்திலேயே ஓர் இரும்புப் பாலமும் கட்டினார்கள். இரும்புப் பாலத்தின் வளைவு கர்டர்களை ஜாவாவில் பிரித்து இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். 1944-45-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் சில கண்கள் விழுந்தன. பாலத்தின் மேல் நடந்தால் நடுவில் இரண்டு கர்டர்கள் மட்டும் வளைவில்லாமல் நேராக இருப்பதைப் பார்க்கலாம். அவை போருக்குப் பின் ஜப்பான் மாற்றிக் கொடுத்தவை.

இன்னொரு வேடிக்கை. பாலம் கட்டிய காலத்தில் அந்த இடத்தில் ஆற்றின் பெயர் மே குளோங்தான். படத்தைப் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டார் குவாய் ஆற்றைத் தேடவே, 1960-களில் மேற்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் வைத்தார்கள். குவாய் என்று சொன்னால் தாய் மொழியில் எருமை என்று பொருளாம்.

பாதையின் அகலத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பனைக் கண்டது போல இருந்தது. மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நாம் போய் வந்த அதே ஒரு மீட்டர் அகலம். ஜப்பானில் கேஜ் 1,067 மில்லிமீட்டர். இங்கே ஓட்டுவதற்காகத் தங்கள் சி-56 நீராவி எஞ்சின்களின் சக்கரங்களை ஒரு மீட்டருக்கு மாற்றிக் கொண்டுவந்தார்கள். பர்மாவிலும் தாய்லாந்திலும் மலேயாவிலும் ஏற்கெனவே மீட்டர் கேஜ் இருந்ததால், நடுவில் விட்டுப்போன துண்டை இணைத்தால் சிங்கப்பூரிலிருந்து ரங்கூன் பக்கம் வரை சரக்கு போகும். அதுதான் அவர்கள் திட்டம்.

ஏன் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பர்மாவையும் பிடித்து இந்திய எல்லைக்கு வந்துவிட்டார்கள். அங்கே நிற்கும் படைக்குச் சோறும் தோட்டாவும் போக வேண்டும். மலாக்கா ஜலசந்தி வழியாகக் கப்பலில் அனுப்பினால் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துவிடும். ஆகவே தாய்லாந்தின் நோங் பிளாடுக் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ. பாதை போட முடிவு செய்தார்கள். 1942 மத்தியில் இரு முனையிலும் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17-ல் கொன்கொய்தா என்ற இடத்தில் தண்டவாளங்கள் சேர்ந்தன. ஏறத்தாழ 16 மாதம்.

வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கு நம்ப முடியாதது. மலைக்காடு, வருடத்தில் பாதி நாள் கொட்டும் மழை, 600-க்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் அங்கேயே வெட்டிய மரத்தில் கட்டியவை. மண் வெட்டும் இயந்திரம், ஜல்லி போடும் இயந்திரம் என்று நாம் இன்று பார்க்கும் எதுவும் அங்கே கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, மூங்கில் கூடை, சம்மட்டி, உளி. ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடித்துப் பாறையில் துளை போட வேண்டும்; துளையில் மருந்து வைத்து வெடித்து, உடைந்த கல்லைக் கையால் அள்ள வேண்டும்.

ஊரிலிருந்து 80 கி.மீ. தூரத்தில் கொன்யு என்ற இடத்தில் இப்படி வெட்டிய பாறைக் கட்டிங் ஒன்று உள்ளது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்கள் வேலை செய்த காட்சி நரகத்தைப் போல இருந்ததால் கைதிகள் அதை நரகநெருப்புக் கணவாய் என்றார்கள். ஆழம் சுமார் 25 மீட்டர். பாறைச் சுவரில் உளித் துளையின் தாரைகள் இன்றும் தெரிகின்றன. விரலை வைத்துப் பார்க்கலாம். 1998-ல் ஆஸ்திரேலிய அரசு அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தது.

தண்டவாளத்துக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? மலேயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையின் பெரும் பகுதியைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். மலேயாவில் ரயில் பாதை போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழர்களே அதிகம். அவர்கள் போட்ட தண்டவாளம் இங்கே வந்தது. அதன் பின்னால் அவர்களும் வந்தார்கள்.

வந்தவர்கள் யார்?

முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள், சுமார் 60,000 பேர். வேலை நடக்கவில்லை என்று 1943-ல் ஆசியத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். மொத்தம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

ஜப்பானியர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்கள் முடங்கின, துரைமார் ஓடிவிட்டார்கள், அரிசி இல்லை. அந்த நேரத்தில் மூன்று மாத வேலை, நாள் கூலி ஒரு டாலர், சாப்பாடு என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்? முதலில் போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு பலவந்தம். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டுப் பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூட்டி, கொட்டகைக் கதவைப் பூட்டி, அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்றும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூடிய சரக்கு வேகனில் பல நாள் பயணம். பான் பொங் ஸ்டேஷனில் இறங்கியபின் காட்டுக்குள் நடை. சில குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் கூடப் போனார்கள்.

1943 மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் காலரா பரவியது. போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர் இறந்தார்கள், அதாவது ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு வருகிறது.

ஒரே காடு, ஒரே மழை, ஒரே அதிகாரி. பின் ஏன் இந்த வித்தியாசம்? போர்க் கைதிகள் ராணுவ அமைப்போடு வந்தவர்கள். அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸை ஆற்றுக்கு மேலே கட்டாதே என்று உத்தரவிட அவர்களுடைய சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். மருந்து இல்லாத இடத்திலும் ஒழுங்கு பாதி மருந்து. நம்மவர்களுக்கு டாக்டரும் இல்லை, தலைவனும் இல்லை, காலரா எப்படிப் பரவுகிறது என்று சொல்ல ஆளும் இல்லை. பயந்து காட்டுக்குள் ஓடியவர்கள் அங்கேயே விழுந்தார்கள்.

பெயர் உள்ள கல்லறை, பெயர் இல்லாத மண்

காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர். பச்சைப் புல்வெளியில் வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. பலருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. குவே நோய் கரையில் சுங்காயிலும் பர்மாவில் தன்பியூசயாட்டிலும் இன்னும் இரண்டு தோட்டங்கள் உள்ளன.

பத்து வயதுப் பேத்தி வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவள், "தாத்தா, இதுல தமிழ் பேரே இல்லையே, நம்ம ஆளுங்களை எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "அவங்க பேரை யாரும் எழுதி வைக்கலடா கண்ணு" என்றேன். "ஏன் எழுதல?" என்றாள். கேள்வி நியாயமானது.

அந்த 7,000 பெயர்கள் தானாக வந்தவை அல்ல. முகாமில் யார் எந்த நாள் இறந்தார், எந்த இடத்தில் புதைத்தோம் என்று கைதிகள் தாங்களே குறித்து வைத்தார்கள். காகிதம் கையில் அகப்பட்டால் தண்டனை. ஆகவே மூங்கிலுக்குள்ளும் டப்பாவிலும் ஒளித்து மண்ணில் புதைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் 10,000-க்கு மேற்பட்ட புதைகுழிகளைச் சில வாரங்களில் அடையாளம் கண்டது. பதிவேடு இருந்தது, கல்லறை கிடைத்தது.

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புரியும். நம் இலாகாவில் பாலத்துக்கு நம்பர், வளைவுக்கு நம்பர், தந்திக் கம்பத்துக்கு நம்பர். காலையில் கேங் வேலைக்கு இறங்குமுன் மஸ்டர் ரோலில் பெயர் கூப்பிடாமல் கடப்பாரையைத் தொடவிட மாட்டோம். மாலையில் ஆள் குறைந்தால் தேடுவோம். அந்தப் பாதையில் நம்மவர்களை வேலைக்கு அனுப்பியது தலை எண்ணிக்கையில்தான். தலை எண்ணியவனுக்குக் குறைந்த தலைக்குப் பதில் இன்னொரு தலை போதும், பெயர் தேவையில்லை.

ஆனாலும் அடையாளமே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாலத்துக்கு அருகில் ஜப்பானியப் படை 1944-ல் தானே கட்டிய நினைவுத் தூண். இறந்தவர்களின் பல மொழிகளில் அங்கே பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ்.

இரண்டாவது, கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் இருக்கும் வாட் தாவோர்ன் வராரம் என்ற புத்தர் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அங்கே ஒரு தூபியின் கீழ் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1990-ல் ஊருக்கு அருகே கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் உலகம் மறுபடியும் இவர்களை நினைத்தது.

மூன்றாவது, அதே கோயில் வளாகத்தில் 2023-ல் தமிழர்களுக்காக நாட்டப்பட்ட நடுகல். மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் முயற்சி எடுக்க, தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. நடுகல் என்பது நம் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதற்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகள் சொல்கிறது. அந்த வழக்கத்தில் கல்லில் வீரனின் பெயரைப் பொறிப்பார்கள். இங்கே பெயர் தெரியாத பல்லாயிரம் பேருக்கும் சேர்த்து ஒரே கல். நாங்கள் போனபோது ஈப்போவிலிருந்து வந்த ஒரு மலேசியக் குடும்பம் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தது. நாங்களும் ஒதுங்கி நின்று கும்பிட்டோம்.

ஆறு, அருவி, குகை

இவ்வளவையும் படித்துவிட்டு, குழந்தைகளை அழைத்துப் போகும் ஊரா இது என்று கேட்காதீர்கள். இயற்கை அழகுக்கு இந்த மாவட்டம் குறைந்ததல்ல.

ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எராவன் தேசியப் பூங்கா. எராவன் வேறு யாருமில்லை, நம் இந்திரனின் ஐராவதம்தான். தாராசுரத்து ஐராவதேஸ்வரரை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் மக்களின் ஐராவதத்துக்கு மூன்று தலை. ஏழு அடுக்காக விழும் அருவியின் உச்சி அந்த மூன்று தலை போல இருப்பதால் இந்தப் பெயர். தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருக்கும். காரணம் சுண்ணாம்பு. மலை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்து இறக்கி, விழும் இடத்தில் திரும்பவும் படியவிட்டுத் தொட்டி தொட்டியாகக் கட்டிவிடுகிறது. கால் வைத்தால் மீன்கள் வந்து பாதத்தைக் கொறிக்கும். பேத்திக்குக் கூச்சம் தாங்கவில்லை.

அதே சுண்ணாம்புக்கல்தான் குகைகளையும் உண்டாக்கியது. சாய் யோக் பகுதிக் குகைகளில் உலகிலேயே மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்றான வௌவால் வாழ்கிறது. எடை சுமார் 2 கிராம். 1970-களில் கிட்டி தோங்லோங்யா என்ற தாய் விலங்கியலாளர் கண்டுபிடித்ததால் அவர் பெயரே அதற்கு. பார்க்க ஆசைப்பட்டுக் குகைக்குள் நுழைந்து அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. மிக அரிதான உயிர்.

போருக்குப் பின் எல்லைப் பக்கத்துத் தண்டவாளங்களைப் பிரித்துவிட்டார்கள். மீதியைத் தாய்லாந்து ரயில்வே செப்பனிட்டு 1958-ல் நாம் டோக் வரை திறந்தது. நாம் டோக் என்றால் அருவி. காஞ்சனபுரியிலிருந்து அங்கே போகும் பாசஞ்சர் வண்டியில் ஏறி இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். மரவள்ளியும் கரும்பும் தாண்டி, தாம் கிராசே என்ற இடத்தில் வண்டி நடைவேகத்துக்குக் குறையும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கீழே ஆறு. நடுவில் பாறையை ஒட்டிக் கட்டிய மரத்தூண் பாலம், கட்டைகள் முனகும். எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அந்த இடத்தை வெட்டியவர்கள் யார் என்று உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போட்டோவுக்கு மதிப்புக் கூடும்.

நம் போர்காட்டும் அப்படியே

தாய்லாந்து வரை போகாதவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. புனே போகும்போது கர்ஜத் தாண்டிக் கண்டாலா வரை நாம் ஏறும் போர்காட் பாதை 1856 முதல் 1863 வரை வெட்டப்பட்டது. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம், 25 சுரங்கங்கள். 1861-ல் ஒரே சமயத்தில் 42,000 பேர் வேலை செய்தார்கள். காலராவிலும் வெடி விபத்திலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-ல் பம்பாய் வந்து சில நாட்களிலேயே இறந்ததும், அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் பொறுப்பேற்று வேலையை முடிக்கச் செய்தார் என்பதும் நமக்குத் தெரியும். கல் உடைத்தவர்களில் ஒருவர் பெயர் தெரியுமா? வடா பாவ் சாப்பிட்டுக்கொண்டே கடந்து போகிறோம்.

செல்வோர் கவனத்திற்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல் வெயில் நம் நாக்பூரை நினைவூட்டும். நவம்பர் கடைசியில் தொடங்கும் பாலத் திருவிழாச் சமயத்தில் கூட்டம் அதிகம்.

பாங்காக்கில் தொன்புரி ஸ்டேஷனிலிருந்து காலையும் மதியமும் வண்டி உண்டு. மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். நேரத்தையும் விசா விதியையும் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் "ஜே" என்று சொன்னால் முட்டை, மீன் சாறு எதுவும் சேர்க்காமல் தருவார்கள். கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது ஜே கடை. என் மனைவி புளிக்காய்ச்சலும் கொண்டு வந்திருந்தார். அது தனிக் கதை.

கொன்யு கட்டிங்கில் படிகள் அதிகம். முழங்கால் வலிக்காரர்கள் கைத்தடியோடு போவது நல்லது. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே 2003-ல் தொடங்கிய தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் உள்ளது. மற்ற இடங்களுக்குப் போகுமுன் அதைப் பார்த்தால் எல்லாம் விளங்கும்.

நம் வீட்டுப் பதிவேடு

என் ஆச்சியின் தம்பி ஒருவர் 1937-ல் கங்காணியோடு நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி மலேயாவுக்குப் போனார். மூன்று கடிதமும் இருமுறை பணமும் வந்தன. 1941-க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் சயாம் பாதையில் இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இறந்த நாள் தெரியாததால் ஆச்சி அவருக்குத் திதி கொடுக்க விடவே இல்லை. "வந்துட்டான்னா என்ன சொல்லுவ?" என்பார். ஆச்சி காலமான பிறகுதான் என் தகப்பனார் மகாளய அமாவாசையில் அவர் பெயரையும் சேர்த்தார். அந்தப் பெயர் சுடலைமுத்து. அது வேறு எந்த ஏட்டிலும் இல்லை. இப்போது இந்த இதழில் இருக்கிறது.

திருநெல்வேலி, ராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் என்று பல ஜில்லாக்களிலிருந்து மும்பைக்கு வந்தவர்கள் நாம். நம் தாத்தா ஒருவர் பம்பாய்க்கு ரயில் ஏறிய அதே காலத்தில் அவர் அண்ணனோ தம்பியோ பினாங்குக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்பது, தொண்ணூறு வயதானவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். அடுத்த தீபாவளிக்கு என்று ஒத்திப் போடாதீர்கள். கிடைப்பதை ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்:

1. அவர் முழுப் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், தாலுகா.
2. போன ஆண்டு, எந்தத் துறைமுகம், யாரோடு போனார்.
3. எந்தத் தோட்டம் அல்லது எந்த ஊர். பழைய கடித உறையில் தபால் முத்திரை இருந்தால் அதைப் பாருங்கள்.
4. கடைசிக் கடிதம் வந்த ஆண்டு.
5. இதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார்.

ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள். சொன்னவர் பெயர் இல்லாத குறிப்பு கையெழுத்து இல்லாத மஸ்டர் ரோல் மாதிரி. மலேசியாவில் டெத் ரயில்வே இன்ட்ரஸ்ட் குரூப் என்ற குழு இந்தப் பாதையில் உழைத்தவர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி வருகிறது. ஆர். சண்முகம் போன்ற மலேசிய எழுத்தாளர்கள் தமிழில் நாவலாகவும் எழுதியிருக்கிறார்கள். அங்கே அவர்கள் தேடும்போது இங்கே ஒரு நோட்டில் ஒரு பெயர் இருந்தால் இரண்டும் ஒரு நாள் சேரலாம். 415 கி.மீ. பாதையும் இரு முனையிலிருந்து போட்டு வந்துதான் நடுவில் சேர்ந்தது.

எழுதிய நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைச் சங்கத்து நூலகத்தில் கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். முதல் பயிற்சியாக அந்தப் பெயர்களை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.